தோல் சீட்டுக்கு வேண்டியது எண்ணெயா, துடைப்பா?

சேலத்தில் சித்திரை வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடக்கூடும். அதே கார் மாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் இரவெல்லாம் பனிமூட்டத்தில் நிற்கும். இரண்டையும் தாங்கவேண்டிய தோல் சீட்டில் வெடிப்பு தென்பட்டதும், தோல் காய்ந்துவிட்டது என்று கருதிப் பலர் தேங்காய் எண்ணெயைத் தேய்க்கிறார்கள். அக்கறையோடு செய்யும் இந்தக் காரியம் சீட்டுக்குக் கேடாகவே முடிகிறது.

தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். அந்தப் புரதம் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு போன்றது என்ற வடிவத்தை, 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர். பச்சைத் தோலைப் பதனிடும்போது இந்த இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாவதால் அது அழுகாத பொருளாகிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் பறிக்கும் ஆவாரம்பூச் செடியின் பட்டைதான் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டது. கார் சீட்டுத் தோலுக்கு இன்று பெரும்பாலும் குரோமிய உப்போ செயற்கைப் பதப்பொருள்களோ பயன்படுகின்றன. பதனிட்டபின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நழுவி அசைவதற்காக, தண்ணீரில் கரைத்த எண்ணெய்க் குழம்பை உள்ளே ஊறவைக்கிறார்கள். தோலின் மென்மை அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் காரில் நம் கை படுவது அந்தத் தோலின்மேல் அன்று. பெரும்பாலான சீட்டுகளில் தோலுக்கு மேலே நிறமியும் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த, ஏறத்தாழ ஒரு தலைமுடிப் பருமனுள்ள படலம் பூசப்பட்டிருக்கும். மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: முத்தாகவே நின்றால் படலம் இருக்கிறது, ஊறி அந்த இடம் கறுத்தால் அது படலமில்லாத தோல். படலத்தின்மேல் தேய்த்த தேங்காய் எண்ணெய் உள்ளே போக வழியின்றி மேலேயே தங்கிப் புழுதியைப் பிடித்துக்கொள்கிறது. நம் சாலைப் புழுதியிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் இரும்பைவிடக் கடினமானவை. ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் தொடை உரசும் அந்த மேட்டில், எண்ணெயில் ஒட்டிய துகள்கள் உப்புத்தாள்போல் படலத்தை அராவுகின்றன. முதலில் பளபளப்பு, பிறகு மெல்லிய கீறல், அதன்பின் வெடிப்பு என்ற வரிசையில் சேதம் வளரும்.

வியர்வையும் நம் உடம்பில் சுரக்கும் எண்ணெய்ப்பசையும் இதே வேலையைச் செய்வதோடு, நாளடைவில் படலத்தையே இளக்கவும் செய்கின்றன. ஆகவே பராமரிப்பில் முதலிடம் துடைப்புக்குத்தான். ஆனால் துணி சோப்பு வேண்டாம். பதனிட்ட தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது, காரத்தன்மையுள்ள சோப்புநீர் தையல் துளைகள் வழியே இறங்கினால் இழைகளை உப்பச் செய்து உள்ளிருக்கும் எண்ணெயையும் வெளியேற்றிவிடும். மென்மையான தோல் கிளீனரில் உள்ள மூலக்கூறுகளின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பற்றிக்கொள்வதால், அழுக்கு நுரையோடு கழன்று வருகிறது. முதலில் வாக்குவம் கிளீனரால் புழுதியை உறிஞ்சிவிட்டு, பஞ்சில் நுரையெடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தையல் ஓரங்களை மெதுவாகத் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெள்ளைத் துணி பழுப்பாகி வருவதைக் கண்டவர்கள், சுத்தமாகத் தெரிந்த சீட்டில் இவ்வளவு அழுக்கா என்று திகைப்பார்கள்.

தோலை மென்மையாக வைக்கப் பூசும் கிரீமான கண்டிஷனரை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். படலமுள்ள சீட்டில் அது தையல் துளைகள், மடிப்புகளிலுள்ள நுண்விரிசல்கள் வழியாகச் சிறிதளவே உள்ளே போகும். மேற்பரப்பின் உராய்வைக் குறைப்பதே அதன் பெரும்பயன். படலமில்லாத தோலுக்கு அது உண்மையாகவே ஊட்டம். எதுவாயினும் மெல்லப் பூசி, அரைமணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். படலம் வெடித்தபின் எந்தக் கிரீமும் அதை ஒட்டவைக்காது. விரிசலை நிரப்பி நிறம் பூசுபவரிடம்தான் போக வேண்டும்.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் வேறொரு தொல்லை உண்டு. நனைந்த ஸ்வெட்டரோடு ஏறி இறங்கிய காரைப் பூட்டியே வைத்தால், சீட்டின் மடிப்பில் சாம்பல் நிறப் பூசணம் படரும். அது பெரும்பாலும் பதனிட்ட தோலை அல்ல, அதன்மேல் படிந்த வியர்வையையும் தின்பண்டத் துணுக்குகளையும் உண்டே வளர்கிறது. பூசண வித்துகள் காருக்குள் பறக்காதபடி, கதவுகளைத் திறந்து முகத்துணி கட்டிக்கொண்டு அதைத் துடைத்தெடுத்து, நிழலில் காற்றாட விட வேண்டும். மலையைவிட்டு இறங்கியதும் ஒரு மணி நேரம் கதவுகளைத் திறந்துவைத்தால் மடிப்புகளின் ஈரமும் போய்விடும்.