சாகா: சொல் விளக்கம்

நாவல் அறிமுகங்களில் ‘ஃபேமிலி சாகா’ என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அதைத் தமிழில் ‘சாகா’ என்றே எழுதினால் சாகாவரம்தான் முதலில் நினைவுக்கு வரும். மூலச்சொல்லுக்கும் சாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இது பழைய நார்ஸ் மொழிச் சொல், அதாவது ஸ்காண்டிநேவியாவில் முற்காலத்தில் பேசிய மொழி. ‘சொல்’ என்று பொருள்படும் ‘செக்யா’ என்ற வினைக்கு உறவு. ஐஸ்லாந்தில் குடியேறிய குடும்பங்களின் நிலத்தகராறு, பழிவாங்கல், சம்பந்தம் எல்லாவற்றையும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் உரைநடையாக எழுதிவைத்தார்கள், அவைதான் சாகாக்கள். இன்றும் ஐஸ்லாந்து மொழியில் கதைக்கும் வரலாற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். ஆங்கிலத்துக்குப் போன பிறகு, பல தலைமுறைகளைத் தொடரும் நாவலுக்கும் பெயரானது. பக்கம் கூடினால் மட்டும் சாகா ஆகிவிடாது. பாட்டி மறைத்தது பேத்தி தலையில் விடிய வேண்டும்.

கரீபியக் கதைகளுக்கு இந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது. செயின்ட் குரோய் தீவையே எடுத்துக்கொள்வோம். அப்போது அது டென்மார்க்கின் காலனி. 1848 ஜூலை 3 அன்று அடிமைகள் ஆயிரக்கணக்கில் கோட்டை முன் திரண்டதும், ஆளுநர் பீட்டர் வான் ஷோல்டன் விடுதலையை அறிவித்தார். அவருடைய மனைவி இருந்தது டென்மார்க்கில். தீவில் அவரோடு வாழ்ந்தவர் ஆனா ஹீகார்ட்: தந்தை டேனிஷ்காரர், தாய் கலப்பினத்தைச் சேர்ந்த சுதந்திரப் பெண், தாய்வழியில் இன்னும் மேலே போனால் அடிமைப் பெண். இப்படிப்பட்ட வீடுகளில் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால், பாதிக்கு மௌனம்தான் பதிலாக இருந்திருக்கும். அப்புறம் 1917இல் அமெரிக்கா இரண்டரைக் கோடி டாலர் கொடுத்து, செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் உட்பட இந்தத் தீவுகளை வாங்கியது. ஒரே வீட்டில் அம்மா பிறந்தது டேனிஷ் கொடியின் கீழ், மகள் பிறந்தது அமெரிக்கக் கொடியின் கீழ்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘காவியம்’ செய்யுளை நினைவூட்டும். ‘இதிகாசம்’ ரொம்பப் பெரிய சட்டை. ‘தலைமுறை நாவல்’ புழக்கத்தில் இருக்கிறது, தப்பில்லை. எனக்குப் பிடித்தது ‘கொடிவழிக் கதை’. கொடிவழி என்றால் வம்சாவளி. தலைமுறை மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு போகும். கொடியோ பக்கவாட்டிலும் படரும். தகப்பன் பெயர் சொல்லப்படாத பிள்ளைகளுக்கும் அதில் இடமுண்டு.

கால்பந்துச் செய்திகளில், ஒரு வீரர் கிளப் மாறுவது பற்றி வரும் ‘டிரான்ஸ்ஃபர் சாகா’வுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். அது வெறும் இழுபறி.