நேட்டால் கிரிமிட் காகிதம்: முதலில் கப்பல் வருஷத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, கிரிமிட் என்ற கூலி ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முன்னோரின் காகிதம் வீட்டில் இருந்தால், எல்லோரும் முதலில் ஊர்ப்பெயரைத்தான் தேடுவார்கள். அது பிறகு ஆகட்டும். கப்பல் எந்த வருஷம் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். 1860 நவம்பர் 16ல் 342 பேரோடு சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் வந்தவருக்கு ஒரு சட்டம். 1892ல் இறங்கியவருக்கு வேறு. 1897ல் இறங்கியவருக்கு இன்னும் வேறு. வெட்டியது என்னவோ ஒரே கரும்பு.

1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். பின்னணி இவ்வளவு போதும்.

கூலி மாதம் 10 ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாம் வருஷம் 14. ஐந்து வருஷம் என்று காகிதம் சொல்வதை நம்பி நாட்காட்டியை எண்ணினால் ஏமாற்றம்தான். அனுமதியில்லாமல் வராத நாட்களைத் தோட்டத்துக் கணக்கில் தனியே குறித்து, கடைசியில் கெடுவோடு சேர்த்துவிடுவார்கள். போதாததற்குக் கூலியிலும் பிடித்தம். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் வழக்கத்தை 1872 விசாரணைக் கமிஷனே பார்த்தது. 1871ல் ஊர் திரும்பியவர்கள் சென்னையில் வாய் திறந்ததால்தான் அந்தக் கமிஷனே உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் கூலிகளின் குறை கேட்கப் புரொடெக்டர் என்று ஓர் அதிகாரியையும் வைத்தார்கள்.

ஆனால் அந்தப் புரொடெக்டரைப் போய்ப் பார்ப்பது எப்படி? தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். யார்மேல் புகாரோ, பெரும்பாலும் அவரிடமே போய்ச் சீட்டு கேட்க வேண்டும். சீட்டில்லாமல் கிளம்பினால் வழியிலேயே பிடித்துக்கொள்ளலாம். பத்துப் பேர் சேர்ந்து போனால் இன்னும் மோசம். 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி, பெருங்கூட்டமாக வேலையை விட்டுவிட்டுப் புகார் சொல்லப் போனால் அபராதமோ சிறையோ உண்டு. புகார் உண்மை என்று தீர்ந்தாலும் தண்டனை தண்டனைதான். இப்படி ஒரு பிரிவை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

உருப்பட்ட வழி எது என்பதற்கு 1894ல் டர்பனில் நடந்த பாலசுந்தரம் வழக்கைப் பார்க்கலாம். முன்பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைத்துணியைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தவர் அவர். முதலில் வெள்ளைக்கார டாக்டரிடம் காயச் சான்று. காயம் ஆறுவதற்குள் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம். அதன் பிறகு புரொடெக்டர் மூலம் ஒப்பந்தத்தை வேறொரு துரைக்கு மாற்றுவது. இந்த வரிசை முக்கியம், சான்று இல்லாமல் போனால் கதை வேறு. இவ்வளவுக்குப் பிறகும் அவருக்குக் கிடைத்தது விடுதலை அல்ல, முதலாளி மாற்றம்தான். அந்தப் புது முதலாளியையும் காந்தியே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்தது நிலம். கிரிமிட் காலத்தையும் சேர்த்து நேட்டாலில் 10 வருஷம் முடித்தவருக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல் உண்டு. அது வேண்டாம் என்றால் அந்தக் கட்டண மதிப்புக்குச் சர்க்கார் நிலம் பெறலாம் என்று 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு சொன்னது. கையில் நிலம் வாங்கியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் டர்பனைச் சுற்றி, உம்கேனி ஆற்றோரத்தில், வெள்ளைக்காரரிடம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி, சோளம், புகையிலை போட்டார்கள். கத்தரிக்காயும் கீரையும் விற்பவனுக்குச் சந்தை பக்கத்தில் இருக்க வேண்டுமே. அந்த நில உரிமையையும் 1891ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே 'தாத்தாவுக்கு நிலம் கொடுத்தார்கள்' என்ற பேச்சு குடும்பத்தில் இருந்தால், அது தானமா, குத்தகையா, கிரயமா என்று பத்திரத்தைப் பாருங்கள்.

1896ல் அமலுக்கு வந்த 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம்தான் பெரிய பொறி. அதன் பிறகு கையெழுத்துப் போட்டு வந்தவர், கெடு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி கிரிமிட் போட வேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் வருஷா வருஷம் 3 பவுண்டு கட்டி பாஸ் வாங்க வேண்டும். நேட்டால் சர்க்கார் முதலில் கேட்டது 25 பவுண்டு. அதை 3 ஆக்கிச் சம்மதித்த பெருமை வைஸ்ராய் எல்ஜினுக்கு.

ஐந்தாம் வருஷக் கூலி 14 ஷில்லிங் என்றால் ஆண்டுக்கு 168. மூன்று பவுண்டு என்பது 60 ஷில்லிங். மனைவியும் கிரிமிட்டில் வந்தவர் என்றால் 120. மீதி 48 ஷில்லிங்கில் வருஷத்தை ஓட்ட வேண்டும்.

பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள், தப்பித்தார்கள் என்று நினைத்தவர்களை 1903 திருத்தம் பிடித்தது: 16 வயதுப் பையன், 13 வயதுப் பெண், ஆளுக்கு 3 பவுண்டு. பழைய பாஸைக் காட்டினால் பயனில்லை, அது அந்த வருஷத்தோடு சரி. இந்தியத் தொழிலாளர் நடத்திய 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914ல்தான் வரியும் பாக்கியும் ஒழிந்தன.

கடை வைத்தவர்களுக்கு 1897ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம். லைசென்ஸ் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். கணக்கு இங்கிலீஷில் இருக்க வேண்டும், கடை சுகாதாரமாக இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் அதிகாரி 'முடியாது' எனலாம். அந்த அதிகாரியை நியமிப்பது நகரசபை. அப்பீல் போவதும் அதே நகரசபைக்கு. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எதிர்க்கடைக்காரர்களும் உண்டு. இந்தியர் ஓட்டால் அவர்களை அசைக்கவும் முடியாது. 1896ல் பார்லிமென்ட் ஓட்டைப் பறிப்பதற்கு முன்பே, 9,309 வெள்ளையர் இருந்த பட்டியலில் இந்தியர் 251 பேர்தான்.

1898ல் சோம்நாத் மகாராஜ் டர்பனில் லைசென்ஸ் கேட்டார். காரணம் சொல்லாமல் மறுத்தார்கள், ஆவண நகலும் தரவில்லை. நேட்டால் சுப்ரீம் கோர்ட் அந்த நடைமுறையைத் தவறு என்று ரத்து செய்தது. நகரசபை மறுபடி விசாரித்து மறுபடி மறுத்தது. இந்த முறை ஒரு காரணம் சொன்னார்கள்: அந்த வியாபாரத்துக்கு நகரத்தில் போதுமான கடைகள் இருக்கின்றனவாம். கோர்ட் நடைமுறையைத்தான் பார்க்கும், முடிவைத் தொடாது. 1909ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது கோர்ட் அப்பீல் கிடைத்தது புதுப்பிக்க மறுக்கப்பட்டவர்களுக்கு மட்டும். புதிதாகக் கேட்டவர் பழையபடி நகரசபை வாசலில்தான் நின்றார்.