கோரிக்கை எந்த போர்ட்டிலிருந்து வந்தது? ரிலே ஏஜென்ட் சேர்க்கும் இடக்குறிப்பு

பிணையத்தில் புதிதாக இணையும் கணினிக்குத் தன் ஐபி முகவரியும் தெரியாது, அதை வழங்கும் டிஹெச்சிபி சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. ஆகவே அது தன் கோரிக்கையை அந்தப் பிணையம் முழுவதற்கும் ஒலிபரப்புகிறது. இத்தகைய ஒலிபரப்பை ரூட்டர்கள் அடுத்த பிணையத்துக்குக் கடத்துவதில்லை என்பதால், சர்வர் வேறிடத்தில் இருக்கும்போது ரூட்டரிலோ சுவிட்சிலோ இயங்கும் ரிலே ஏஜென்ட் கோரிக்கையை வாங்கி, அதில் தன் முகவரியைக் குறித்து, நேராக சர்வருக்கு அனுப்புகிறது.

அந்த முகவரியைக் கொண்டு சர்வர் சப்நெட்டை, அதாவது கணினி இருக்கும் பிணையப் பகுதியை, அறியலாம். அதற்கு மேல் அறிய வழியில்லை. கோரிக்கையில் மேக் முகவரி, அதாவது பிணைய அட்டையின் வன்பொருள் எண், இருக்கிறதே என்றால், அது கேட்பவரே தன்னைப் பற்றிச் சொல்வது. எளிதில் மாற்றிவிடக் கூடியது. இந்தக் குறையைத் தீர்க்க 2001இல் ஆர்எஃப்சி 3046 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்ததுதான் ஆப்ஷன் 82 என்ற கூடுதல் தகவல். கோரிக்கை வந்த போர்ட் (சுவிட்சில் கேபிள் இணையும் இடம்) அல்லது விலானை (சுவிட்சுக்குள் பிரிக்கப்பட்ட மெய்நிகர் பிணையம்) காட்டும் சர்க்யூட் ஐடி, அதைப் பெற்ற கருவியையோ மறுமுனையையோ காட்டும் ரிமோட் ஐடி என்ற இரண்டு துணைத் தகவல்களை ரிலே ஏஜென்ட்டே கோரிக்கையின் இறுதியில் சேர்க்கிறது. சர்வர் பதிலிலும் அவற்றை அப்படியே திருப்பி அனுப்ப, எந்த போர்ட்டுக்குச் சேர்க்க வேண்டும் என்பதை அதிலிருந்தே அறியக்கூடிய ரிலே, அவற்றை நீக்கிவிட்டுப் பதிலை ஒப்படைக்கிறது.

அமைக்கும்போது வசதியை இயக்குவது எளிது. வடிவத்தைத் தீர்மானிப்பதில்தான் கவனம் வேண்டும். சில கருவிகள் விலான், போர்ட் எண்களை வெறும் பைட்டுகளாகவும், சில எழுத்துகளாகவும் அனுப்புகின்றன. சர்வரின் விதி ஒரு பைட் பிசகினாலும் பொருந்தாது. ரிமோட் ஐடியாகப் பல சுவிட்சுகள் தம் மேக் முகவரியையே இடுகின்றன. பழுதான சுவிட்சை மாற்றிய அன்றே விதிகள் எல்லாம் பயனற்றுப் போகும் என்பதால், கட்டடத்தையும் தளத்தையும் குறிக்கும் நிலையான பெயரை நாமே இடுவது மேல். போர்ட் எந்த அறைக்குச் செல்கிறது என்ற அட்டவணை நம்மிடம்தான் இருக்க வேண்டும். ஆப்ஷன் 82 அட்சரேகையையோ தெருப்பெயரையோ தானாக அறிவதில்லை.

அடுத்தது நம்பிக்கை. ரிலே முகவரி வெறுமையாக இருந்தும் ஆப்ஷன் 82 உள்ள கோரிக்கை, நம்பகமானதாகக் குறிக்கப்படாத இணைப்பில் வந்தால், ரிலே அதைக் கைவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிடில் எவரும் பொய் இடத்தைச் சொல்லலாம். ஆனால் கீழ்நிலை சுவிட்ச் முறையாகச் சேர்த்தனுப்பும் குறிப்பும் மேலே உள்ள ரிலேவுக்கு அப்படித்தான் தோன்றும். அந்த இணைப்பை நம்பகமானதாகக் குறிக்க மறந்தால், பிழைச்செய்தி ஏதும் திரையில் தோன்றாமலே கணினிகள் முகவரியின்றி நிற்கும்.

முகவரி கணினிக்கு வழங்கப்பட்டிருக்கும் குத்தகைக் காலத்தில் வழக்கமாகப் பாதி கழிந்ததும் கணினி ரூட்டரின் ரிலேவைத் தவிர்த்து நேரடியாக சர்வரிடம் புதுப்பிப்பைக் கேட்கும். அந்தக் கோரிக்கையில் இடக்குறிப்பு இராது. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5107, சர்வரின் முகவரிக்குப் பதிலாகத் தன் முகவரியையே கணினிக்குக் கொடுக்கும்படி சர்வரிடம் கேட்க ரிலேவுக்கு வழி செய்தது. அதன்பின் புதுப்பிப்புகளும் ரிலே வழியாகவே இடக்குறிப்புடன் செல்கின்றன.