ஒரே ஒரு பாஸ்ஃபீன் போதும்

‘வினையை நடத்துவது வினையூக்கி உலோகமான பல்லேடியம்தானே, அதோடு ஒட்டியிருக்கும் ஈனிக்கு (ligand) என்ன வேலை?’ என்று பிளஸ் டூ ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். எலக்ட்ரான் இணையைத் தருவது ஈனி என்று பாடத்தில் முடித்துவிடுகிறோம். சுவையே அதற்குப் பிறகுதான்.

இரத்த அழுத்தத்துக்குத் தரும் லோசார்டனில் இரண்டு பென்சீன் வளையங்கள் நேரடியாகப் பிணைந்திருக்கும். அவற்றை இணைக்க உதவுவது 2010இல் நோபல் பெற்ற சுசுகி வினை. பல்லேடியம் கார்பன்–ஹாலஜன் பிணைப்புக்குள் நுழையும். இன்னொரு வளையத்தை அதைச் சுமந்துவரும் போரானிடமிருந்து வாங்கும். இரண்டையும் சேர்த்து வெளியே விடும்.

சிக்கல் குளோரினில். குளோரைடுகள் விலை மலிவு, ஆனால் கார்பன்–குளோரின் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் வேண்டும். அயோடினுக்கு 270 போதும். பாஸ்பரஸில் மூன்று கார்பன் தொகுதிகள் ஒட்டிய ஈனிகளே இங்கே பாஸ்ஃபீன்கள். அவற்றில் வழக்கமான டிரைஃபீனைல்பாஸ்ஃபீன் பெரும்பாலான குளோரைடுகளிடம் தோற்றது.

1998இல் வேதியியலாளர் கிரிகரி ஃபூ டிரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்ஃபீனை எடுத்தார். பாஸ்ஃபீன் உலோகத்தின் மேல் குடைபோல் விரியும். டிரைஃபீனைலின் விரிவு 145 பாகை, இதனுடையது 182. இரண்டு குடைகள் சேர்ந்தால் நெருக்கடி, ஒன்று கழன்றுவிடும். ஒற்றை ஈனியோடு நிற்கும் பல்லேடியத்தில் குளோரைடு நெருங்க இடம் கிடைக்கிறது. பியூட்டைல் தொகுதிகள் பாஸ்பரஸுக்கும், அது பல்லேடியத்துக்கும் எலக்ட்ரானைத் தள்ள, உலோகம் அதைக் கார்பன்–குளோரின் பிணைப்பின் காலியான எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பைத் தளர்த்தும் இடம்) செலுத்திப் பிணைப்பை முறிக்கிறது. கடைசியில் அதே நெருக்கடிதான் இரண்டு வளையங்களையும் ஒன்றோடொன்று தள்ளிச் சேர்த்து அனுப்புகிறது. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே பருமன் உதவுவதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் அந்தப் பாஸ்ஃபீன் காற்றுப் பட்டாலே தீப்பற்றும். எம்.ஐ.டி.யின் ஸ்டீஃபன் புக்வால்ட் பாஸ்பரஸோடு பைஃபீனைலை, அதாவது பிணைந்த இரண்டு பென்சீன் வளையங்களை, கோத்தார். கிடைத்தவை திறந்த தராசிலேயே எடைபோடக்கூடிய திண்மங்கள். அவற்றுள் 2004இல் வந்த எஸ்ஃபாஸில், பாஸ்பரஸ் ஒட்டாத கீழ் வளையத்தின் இருபுறமும் மெத்தாக்சி (OCH₃) தொகுதிகள். அவை இல்லாவிட்டால் பல்லேடியம் அந்த வளையத்தின் கார்பன்–ஹைட்ரஜனையே தாக்கி முடங்கிவிடும்.

குடையின் கோணத்தை அளக்கும் முறையைத் தந்தவர் டூபான்ட் வேதி நிறுவன ஆய்வகத்தின் சாட்விக் டோல்மன், மூலக்கூறு மாதிரிகளை வைத்து. ‘உடனடிப் பயன் என்ன?’ என்று கேட்டே நிதி தரும் குழுக்கள் இப்படிப்பட்ட வேலையைத் தட்டிக்கழிப்பது பெருந்தவறு என்பேன். இன்று மலிவான நிக்கலுக்கு ஈனி தேடுவோருக்கும் அந்தக் கோணமே தொடக்கம். அங்கே கணக்கு மாறுகிறது: 2017இல் வேதியியலாளர் அபிகெயில் டாயிலின் குழு காட்டியபடி, நிக்கலுக்குப் பருமன் உலோகத்தை ஒட்டி இருக்கக் கூடாது, சற்றுத் தள்ளி இருக்க வேண்டும்.