ஒற்றனுக்குப் பெண்பால் என்ன?

திருகோணமலைக் கோட்டை வாசலில் மானுக்கு வாழைப்பழத் தோலை நீட்டிக்கொண்டே மருமகள் கேட்டாள்: "மாமா, பெண் ஸ்பைக்குத் தமிழில் என்ன சொல்?" ஒற்றி என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லகாலம் நிறுத்திவிட்டேன். ஒற்றி என்றால் காணியை அடைமானம் வைப்பது, யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையிலேயே இருக்கிற சொல்.

ஒற்றுதல் என்றால் மெல்லத் தொட்டு அழுத்துவது. சுளுக்குக்கு அம்மம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாரே, அது ஒற்றடம்தான். ஸ்பை என்ற சொல்லின் வேரில் இருப்பது பார்ப்பது. நம்முடையதில் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்வது. எனக்கு நம்முடையதுதான் பொருத்தமாகப் படுகிறது. வேவு தொல்காப்பியத்தில் 'வேய்' என்று வருகிறது, உளவு 'உள்'ளோடு சேர்ந்தது. ஆனால் உளவாளி என்ற சொல்லை எங்கள் பக்கம் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம், காரணம் விளக்கத் தேவையில்லை.

சரி, பெண்பால்? வள்ளுவர் 59ஆம் அதிகாரத்தில் "என்செயினும் சோர்விலது ஒற்று" என்கிறார். சோர்விலது, அஃறிணை! ஆணுமில்லை பெண்ணுமில்லை. ஆளைச் சொல்ல ஒற்றர் போதும், வேண்டுமென்றால் பெண் ஒற்றர்.

அதே குறளில் ஒற்றர் துறவி வேடம் போடுகிறார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பெண் ஒற்றராயிருந்த ஃபிலிஸ் லாட்டூர் போட்டது சவர்க்காரம் விற்கும் சிறுமி வேடம். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டு இரண்டு வருடம் கழித்து, அதே போரில், 1944 மே மாதம் பிரிட்டன் அவரை பிரான்சின் நார்மண்டியில் பாரசூட்டில் இறக்கியது, வயது 23. சைக்கிளில் சுற்றி ஜெர்மன் படைகளைப் பற்றி 135 ரகசியச் செய்திகள் அனுப்பினார். சங்கேதக் குறிகள் இருந்த பட்டுத்துணியைப் பின்னல் ஊசியில் சுற்றி, தலைமுடி கட்டும் நாடாவுக்குள் செருகியிருந்தார். ஒருமுறை சோதனையில் மாட்டியபோது நாடாவை இழுத்துக் கூந்தலை அவிழ்த்துக் காட்டினாராம், ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், நியூசிலாந்து. வீட்டில் மூச்சு விடவில்லை. 2000ஆம் ஆண்டளவில் மூத்த மகன் இணையத்தில் படித்துத்தான் அம்மா யாரென்று தெரிந்துகொண்டார்.

"சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க செய்யின் புறப்படுத்தான் ஆகும் மறை." ஒற்றருக்கு ஊரறியச் சிறப்புச் செய்தால் நாமே ரகசியத்தை வெளியே போட்டதாகிவிடும். பிரான்ஸ் அவருக்குப் பதக்கம் கொடுத்தது 2014இல், வள்ளுவரே மறுக்கமாட்டார்.

மருமகள் கொப்பியில் 'ஒற்றர்' என்று எழுதிவிட்டு, "ர் மரியாதைக்கா பன்மைக்கா என்று ரீச்சர் கேட்டால்?" என்றாள். மரியாதைக்கு என்று சொல் என்றேன்.