லாலன்ஸ்: பேச்சுமொழியிலிருந்து கவிதைமொழிக்கு

ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழிக்கு லாலன்ஸ் என்று இன்னொரு பெயர் உண்டு. தாழ்நிலம் எனப் பொருள்படும் லாலண்ட்ஸ் என்ற சொல்லில், 'ண்ட்' என்னும் ஓசை அம்மொழிப் பேச்சில் இயல்பாகத் தேய்வதால் பிறந்த வடிவம் இது. ஸ்காட்ஸ் பழைய ஆங்கிலத்திலிருந்து கிளைத்த ஜெர்மானிய மொழி. மேட்டுநிலத்துக்கு உரிய கேலிக் மொழியோ கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் வில்லியம் சிம்ப்சனுக்கு எழுதிய கடிதக் கவிதையில், இலக்கணமும் தருக்கமும் அறியாத காலத்து மனிதர் தம் எண்ணத்தை ஒளிவுமறைவின்றிச் சொன்ன பேச்சாக லாலன்ஸைக் குறிப்பிடுகிறார். அங்கு அது முழுக்க முழுக்க நாட்டுவழக்கு. ஆனால், 1887இல் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அம்மொழியில் கவிதைகளை வெளியிட்டபோது, ஒரு சொல் எந்த வட்டாரத்தது என்று தாம் பார்க்கவில்லை என வெளிப்படையாகவே எழுதினார். லாலன்ஸ் என்ற சொல்லின் பொருள் அப்போதே நாட்டுவழக்கிலிருந்து கவிதைமொழிக்கு இடம்பெயரத் தொடங்கிவிட்டது எனலாம்.

அதை முழுமையாக்கியவர் இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஹியூ மெக்டயர்மிட். எல்லைப்புற ஊரான லாங்கமில் பிறந்த இவர், ஊர்ப்பேச்சோடு நில்லாமல், 1808இல் வெளிவந்த ஜான் ஜேமிசனின் அகராதியிலிருந்து வழக்கொழிந்த சொற்களையும் அள்ளி எழுதினார். முழுதாக வளையாத வானவில் துண்டைக் குறிக்கும் 'வாட்டர்கா' என்ற சொல்லையே தலைப்பாகக் கொண்ட கவிதை 1922இல் வந்தது. 1926இல் வெளியான அவருடைய நெடுங்கவிதை 2,600 அடிகளைக் கடந்தது. பல வட்டாரச் சொற்களையும் பல காலச் சொற்களையும் இணைத்த இந்நடையைத் தொகுப்பு ஸ்காட்ஸ் என்றார்கள்; லாலன்ஸ் என்ற பெயரும் இதைக் குறிக்கலாயிற்று. 'தொகுப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல் (synthetic) 'செயற்கை' என்றும் பொருள்படுவது எதிர்ப்பாளருக்கு வசதியாயிற்று. 1940களில் 'பிளாஸ்டிக் ஸ்காட்ஸ்' என்ற ஏளனப் பெயரும் எழுந்தது. அந்த ஏளனத்தை நான் ஏற்கவில்லை. நியூசிலாந்தில் பிறந்த சிட்னி குட்சர் ஸ்மித் இந்நடையில் 1948இல் காதல் கவிதைத் தொடரே படைத்தார். பிறப்பால் வராத மொழியிலும் உயிருள்ள கவிதை எழுத முடிந்ததற்கு அது சான்று.

தமிழில் இதைச் 'சமவெளி மொழி' என்பது பொருந்தாது. தாழ்நிலத்திலும் குன்றுகள் பல உள்ளன. 'தாழ்மொழி' எனச் சுருக்கினால் இழிவுப் பொருள் வந்துவிடும். ஆகவே பர்ன்ஸின் பொருளுக்குத் 'தாழ்நிலப் பேச்சு' என்றும், மெக்டயர்மிட் வழிவந்த நடைக்குத் 'தாழ்நிலத் தொகைமொழி' என்றும் வேறுபடுத்துவதே நல்லது. ஸ்காட்ஸில் எழுதப்படும் கவிதை அனைத்தையும் இப்பெயருக்குள் அடக்கவும் கூடாது. டாம் லெனர்ட் 1969இல் வெளியிட்ட கவிதைகள் கிளாஸ்கோ நகரத் தெருப்பேச்சை ஒலித்தபடியே எழுத்தில் பிடித்தவை. அவற்றை லாலன்ஸ் என்பது பிழை.