உரசாமல் ஓடும் பிஸ்டன்

"விண்வெளியே உறைகுளிர்தானே, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்குக் குளிர்பதன இயந்திரம் எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சூரியக் கவசத்தின் நிழலில் அதன் கருவிகள் தாமாகவே சுமார் 40 கெல்வின் (மைனஸ் 233 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்ந்துவிடும். ஆனால் 'மிரி' என்ற அகச்சிவப்புக் கருவிக்கு 7 கெல்வினுக்கும் கீழே வேண்டும். இல்லாவிட்டால் அதன் சொந்த வெப்பமே நட்சத்திர ஒளியை மூழ்கடித்துவிடும். திரவ ஹீலியத்தை நிரப்பி அனுப்பலாம்தான்; 1983இல் போன ஐராஸ் தொலைநோக்கியில் அது பத்தே மாதத்தில் தீர்ந்துபோனது.

இயந்திரத்தின் தத்துவம் எளிது: வாயுவை அழுத்தி, எழும் வெப்பத்தை வெளியேற்றி, பிறகு விரியவிட்டால் குளிரும். சிக்கல் பிஸ்டனில்தான். விநாடிக்கு 40 முறை ஓடினால் பத்தாண்டில் 1,200 கோடி முறைக்கு மேல் போய்வர வேண்டும். உரசினால் தேயும். எண்ணெய் விட்டால் அதன் ஆவி, வாயு விரிந்து குளிரும் முனையான குளிர்முனையில் உறைந்து வழியை அடைக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 1991இல் யூஏஆர்எஸ் என்ற வளிமண்டல ஆய்வுச் செயற்கைக்கோளில் பறந்த தீர்வு என்னை இன்றும் மயக்குகிறது. மெல்லிய எஃகுத் தகட்டில் சுருள் சுருளாக வெட்டுகிறார்கள். அந்த வட்டவில் (ஸ்பிரிங்) முன்னும் பின்னும் எளிதாக வளையும். பக்கவாட்டில் மட்டும் அசையவே அசையாது. தண்டின் இரு முனைகளையும் இப்படிப்பட்ட வில்லடுக்குகளில் தொங்கவிட்டால், பிஸ்டன் உருளைச் சுவரைத் தொடாமலே ஓடும். நடுவே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி. அதன் வழியே வாயு கசியாதா? கசியும். ஆனால் கசிவு இடைவெளியின் கன மடங்கைப் பொறுத்தது: பாதியாக்கினால் கசிவு எட்டில் ஒன்றாகிவிடும். பிஸ்டனும் மறுகணமே திரும்பிவிடுவதால் பெரிதாக எதுவும் தப்புவதில்லை.

வளைந்து வளைந்து வில் உடையாதா? எஃகில் தகைவு (வளைவதால் உள்ளே எழும் இறுக்கம்) ஒரு வரம்புக்குள் இருந்தால், ஒரு கோடி முறை வளைந்தும் உடையாதது அதற்குப் பிறகும் பெரும்பாலும் உடைவதில்லை. இந்த வேகத்தில் ஒரு கோடி முறை என்பது மூன்று நாள் வேலை! நலிந்த வில்லைத் தரையிலேயே கழித்துவிடலாம்.

இப்படி ஒரு தகட்டை வெட்டிப் பார்க்கும் ஆய்வுக்கு நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். தொலைநோக்கி அனுப்பும் படத்துக்கு மட்டும் கைதட்டுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

பழைய இயந்திரங்களில் குளிர்முனையிலும் ஒரு பிஸ்டன் ஓடும்; வெப் தொலைநோக்கியில் அதையும் நீக்கிவிட்டார்கள். துடிப்புக் குழாய் என்ற அமைப்பில் ஹீலியமே வெறுங்குழாய்க்குள் முன்பின் அலைந்து பிஸ்டனின் வேலையைச் செய்கிறது. அந்த அலையை எழுப்பும் அமுக்கியில் (கம்ப்ரசர்) இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடி ஒன்றின் அதிர்வை மற்றொன்று அடக்குகின்றன. அவை தொங்குவதும் வளையும் வில்களில்தான்.